மாற்றி வைக்கப்பட்டவள்

அக்டோபர் 3, வெள்ளி

மழை. இங்கே அது எழுதத் தக்க செய்தி அல்ல.

வேலைக்கு வந்திருக்கும் வீடு அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. ஊர் என்று சொல்ல அதிகமில்லை. ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, பிறகு வயல்களுக்கு நடுவே ஒன்றையொன்று பார்க்காத வீடுகள். இந்த வீட்டில் இருவர். ஃபெஸ்டி, எண்பத்தொரு வயது, நினைவு கரைந்துகொண்டிருக்கிறது. அவர் மனைவி டீலியா, எழுபத்து நான்கு, எல்லாம் நினைவிருக்கிறது. பிள்ளைகள் இல்லை.

அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, மாத்திரை கொடுத்து, படுக்க வைப்பது என் வேலை. எனக்குப் பின்னறை.

எம்.ஏ.வில் இந்த நாட்டுக் கவிதைகளை ஒரு பருவம் முழுக்கப் படித்தேன். மூடுபனி, சதுப்பு, அன்னப்பறவை. அதில் யாரும் யாருக்கும் கால் கழுவிவிடவில்லை.

இருவரையும் பெயர் சொல்லியே கூப்பிட வேண்டுமாம். வாய் கூசுகிறது. டைரியிலாவது ‘அவர்’ போட்டுக்கொள்கிறேன். பவளக்கொடி என்ற என் பெயரைப் பாதி தூரம் சொல்லிப் பார்த்துவிட்டு, “பவ்னு கூப்பிடட்டுமா கண்ணு?” என்றார் டீலியா. சரி என்றேன். பாதிக்குமேல் இங்கே தேவைப்படாது.

அக்டோபர் 4

காலையில் முதல் வேலை கொட்டகையிலிருந்து டர்ஃப் கொண்டுவருவது. சதுப்பில் செங்கல் செங்கலாக வெட்டிக் காயவைத்த மண். எரிகிறது. சமையலும் சூடும் எல்லாம் ஒரே இரும்பு அடுப்பில். அது அணைவதே இல்லை. புகை மணம் அதற்குள் என் தலைமுடியில் ஏறிவிட்டது.

சதுப்பில் தங்களுக்குச் சொந்தமான கரையில் வெட்டியது என்று டீலியா சொன்னார். கல்யாணமான வருடத்திலிருந்து அவர் கையும் சேர்ந்து வெட்டியது. ஒரே ஒரு கோடைதான் விட்டுப்போனதாம்.

அக்டோபர் 6

ஃபெஸ்டி கஞ்சியைத் தொடவில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நினைத்தேன். டீலியா பாத்திரம் கழுவப் போனதும் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“இது யார் செஞ்சது? நீயா, அதுவா?”

எது என்றேன். சமையலறைப் பக்கம் தாடையைக் காட்டினார். நான்தான் செய்தேன் என்று பொய் சொன்னேன். கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

டீலியாவிடம் சொன்னபோது அவர் தட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை. “அம்பது வருசமா தின்னுட்டு இப்பதான் பயம் வந்திருக்கு.”

அக்டோபர் 7

கேட்டுத் தெரிந்துகொண்டது.

வீட்டின் பின்னால் வயலில், நடுவே காலியாக, வளையம்போல் மண்மேடு ஒன்று இருக்கிறது. மேல்விளிம்பில் முள்மரங்கள். ஒரு பக்கம் மட்டும் வாசல்போல் உடைந்திருக்கும். அதை யாரும் உழுவதில்லை, அந்த மரங்களை யாரும் வெட்டுவதில்லை. அங்கே குடியிருப்பவர்களை ‘நல்லவர்கள்’ என்று சொல்வார்கள். பயத்தினால். நாம் நல்ல பாம்பு என்பதைப் போல.

நல்லவர்கள் மனிதர்களை எடுத்துப் போவார்கள். சிறு குழந்தைகளை, பிள்ளைத்தாய்ச்சிகளை. எடுத்த இடத்தில் தங்களில் ஒன்றை அதே உருவத்தில் விட்டுச் செல்வார்கள். அதன் கையால் சாப்பிட்டால் சாப்பிட்டவனும் அவர்கள் வசம்.

நம் ஊரில் பேய் பிடிக்கும். ஆள் அப்படியே இருப்பாள், உள்ளே இன்னொன்று புகுந்துகொள்ளும். விரட்டினால் அவள் மிஞ்சுவாள். இங்கே ஆளே போய்விடுகிறாள். மிஞ்சுவதை விரட்ட வேண்டும்.

என்னை மட்டும் ஏன் நம்புகிறீர்கள் என்று ஃபெஸ்டியிடம் கேட்டேன். “நீ கடல் தாண்டி வந்தவ. அவங்களுக்கு உப்புத் தண்ணி ஆகாது” என்றார். விமானத்தில் வந்ததைச் சொல்லவில்லை.

அக்டோபர் 8

தேனியிலிருந்து என் கணவன் பரிதி பேசினான். மகள் ஆதிரையைக் கூப்பிடச் சொன்னேன். விளையாடுகிறாள், வரமாட்டேன் என்கிறாள் என்றான். பின்னால் அவள் குரல் கேட்டது, யாரிடமோ எதையோ கொஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எதுவும் தெளிவாகக் கேட்கவில்லை. இங்கே சிக்னல் சரியில்லை.

அக்டோபர் 14

டீலியாவின் தேநீர்க் கோப்பையில் ஒரு இலை மிதந்தது. பச்சையாக, மேலெல்லாம் பூனைமயிர். கோடையில் ஊதா மணிகளாகப் பூக்கும் செடி. வேலி ஓரத்தில் இப்போது இலை மட்டும் படர்ந்து கிடக்கிறது. பயிற்சியில் படம் காட்டி மனப்பாடம் செய்யவைத்த செடி. இதயத்தை நிறுத்தும்.

ஃபெஸ்டி ஒளிக்கவில்லை. விரலில் மண்ணோடு உட்கார்ந்திருந்தார். “அதுவா இருந்தா ஓடிப்போயிடும். மனுசியா இருந்தா ஒண்ணும் ஆகாது.”

கோப்பையைக் கழுவினேன். பிறகு வேலி ஓரம் போய்ச் செடிகளைப் பிடுங்கினேன். வேலைக்கான தினசரிக் குறிப்பில் இதை எழுதினால் நாளையே அவரை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோவார்கள். டீலியா என் பின்னால் வந்து நின்றார்.

“எழுதாத, கண்ணு.”

எழுதவில்லை. இவ்வளவு பாசமா என்று நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 16

மாவட்டச் செவிலி வந்தார். ஃபெஸ்டியின் எடை பார்த்தார். உதட்டைச் சுழித்தார். நான் இல்லாத நாளில் யார் ஊட்டுவது என்று கேட்டார். மனைவி கையால் சாப்பிடாத ஆளை வீட்டில் வைத்திருக்க முடியாது. நவம்பர் தொடங்கியதும் முடிவு செய்வோம் என்றார். டீலியா அவரிடம் கெஞ்சினார். அவர் கெஞ்சுவார் என்று நான் நினைக்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

விடுமுறை. பேருந்து பிடித்து நகரத்துக்குப் போனேன். ஆதிரைக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கினேன். தேனி வெயிலில் எதற்கு என்று திரும்பும் வழியில் தோன்றியது.

வீட்டில் ஃபெஸ்டி காலையிலிருந்து பட்டினி. டீலியா அவர் எதிரிலேயே உட்கார்ந்து அவருக்கு வைத்த உருளைக்கிழங்கையும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறார். கோபம்.

அவர் தூங்கியதும் டீலியாவிடம் கேட்டேன். இல்லத்தில் நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள், ஏன் விடமாட்டேன் என்கிறீர்கள்?

அவர் சொன்னதை, சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

எழுபத்தைந்தாம் வருடம் மார்ச்சில் ஒரு பெண் குழந்தை. இறந்தே பிறந்தது. ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. அப்படிப்பட்டவற்றைத் தகப்பன் ஒரு பெட்டியில் வைத்து, பொழுது சாயும்போது அந்த மேட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைப்பான். தாய் போகக்கூடாது. அடையாளம் வைக்கக்கூடாது. மேட்டைத் தொட்டால் கேடு என்ற பயம் இருந்ததால் அந்தக் குழந்தைகளை யாரும் தோண்டவில்லை. ஃபெஸ்டியும் பெட்டியோடு வெளியே போனார். திரும்பி வந்து கை கழுவினார். எங்கே என்று சொல்லவில்லை.

அதோடு டீலியா பேசுவதையே நிறுத்திவிட்டார். ஏப்ரலில் ஃபெஸ்டி அவரைக் காரில் ஏற்றி மனநல ஆஸ்பத்திரியில் விட்டார். ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. இலையுதிர்காலத்தில் அனுப்பிவைத்தார்கள்.

“வந்தவ வேற ஆளு, என் பொண்டாட்டியை மேட்டுக்காரங்க எடுத்துட்டாங்கன்னு மதுக்கடையில சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். வேடிக்கைக்குத்தான். பாதிப் பேர் சிரிச்சாங்க.”

மற்றப் பாதி?

“சிரிக்கல.”

நினைவெல்லாம் போனபின் அவரிடம் மிஞ்சியிருப்பது அந்த வேடிக்கை.

ஒவ்வொரு வசந்தத்திலும் டீலியா மேட்டில் ஒரு பூச்செடி வைக்கிறார். ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு இடத்தில். கணக்குப்படி எப்போதாவது சரியான இடம் வந்திருக்கும் என்றார். வருடத்துக்கொருமுறை ஃபெஸ்டியிடம் கேட்டிருக்கிறார். ஒருமுறையும் பதிலில்லை.

“அங்க கொண்டுபோய் விட்டா ஒரு மாசத்துல மறந்துடுவான். அந்த எடம் அவன் மண்டைக்குள்ள மட்டும்தான் இருக்கு, கண்ணு. வேற எங்கயும் இல்ல.”

பாசம் என்று நினைத்தவள் நான்.

அக்டோபர் 20

ஷேவ் செய்துவிடும்போது ஃபெஸ்டியிடம் நானே கேட்டேன். குழந்தையை எங்கே வைத்தீர்கள்? கண்ணாடியில் என்னை நேராகப் பார்த்தார். அத்தனை தெளிவாக அவர் பார்த்து நான் பார்த்ததில்லை.

“அதை டீலியாகிட்டதான் சொல்லுவேன்.”

டீலியா எங்கே?

எங்கே என்று தெரியாதா என்பதுபோல் ஜன்னலைக் காட்டினார். பிறகு விளக்கினார், ஒரு மாட்டை எப்படி வண்டியில் ஏற்றுவது என்று சொல்லும் குரலில். அக்டோபர் கடைசி நாள் பொழுது சாயும்போது நல்லவர்கள் குளிர்காலத்துக்கு வீடு மாற்றுவார்கள். குதிரைகளில் மேட்டு வாசல் வழியாக வருவார்கள். எடுத்துப்போனவர்களும் வருவார்கள். கறுப்புக் கைப்பிடிக் கத்தியோடு வாசலில் நின்று, தன் ஆளைப் பிடித்து இழுத்து, விடாமல் பிடித்துக்கொண்டு, கடவுள் பெயரால் மூன்று முறை கேட்க வேண்டும். மூன்று முறையும் பதில் வந்தால் மீட்டாயிற்று.

இத்தனை வருடம் ஏன் போகவில்லை?

நுரையோடு சற்று யோசித்தார். “வேலை இருந்துது.”

அக்டோபர் 21

டீலியாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வெகுநேரம் சிரித்தார், அடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. பிறகு மாடிக்குப் போனார். அலமாரி திறக்கும் சத்தம். நீல நிறக் கோட்டு ஒன்றோடு இறங்கி வந்தார். கல்யாணத்துக்கு மறுநாள் போட்டதாம். பொத்தான்கள் எட்டவில்லை.

“திறந்தே போட்டுக்கறேன். குதிரையில வர்றவளுக்குக் காத்து வேணுமில்ல.”

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று நாடு முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்தார்கள். சட்டமே இப்படிச் செய்யும் ஊரில் நல்லவர்களை நம்புவதில் என்ன கஷ்டம்.

பரிதி வீடியோவில் வந்தான். ஆதிரை திரையைப் பார்த்தாள். பிறகு அவன் தங்கையின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“நீ கிளம்புறப்ப ரெண்டு வயசு. அவளுக்கு என்ன தெரியும், விடு” என்றான். சற்றுக் கழித்து, “நீயும் முன்ன மாதிரி இல்ல. சிரிக்கிறதுகூட வேற மாதிரி இருக்கு.”

கேமராவின் கோணம். போனைக் கீழே வைத்துப் பேசினால் யாருக்கும் முகம் மாறித்தான் தெரியும்.

அக்டோபர் 29

தாள் மாற்றினேன். நகம் வெட்டினேன். டர்ஃப் கொண்டுவந்தேன். ஃபெஸ்டி கத்தி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அக்டோபர் 31, வெள்ளி

கறுப்புக் கைப்பிடி இருந்த வெண்ணெய்க் கத்தியை ஃபெஸ்டியிடம் கொடுத்தேன். அதால் ரொட்டியைக்கூட நறுக்க முடியாது. அவருக்குக் கைப்பிடி போதும்.

நாலரைக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. தோளைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு போனேன். மழை இல்லை. மேட்டு வாசலில் நின்றோம். முள்மரங்களில் சிவப்புக் காய்கள் மட்டும் தெரிந்தன. ஒரு முட்டாள்தனமான நிமிடம், குதிரைக் குளம்பை நானும் எதிர்பார்த்தேன்.

டீலியா மேட்டின் உள்ளிருந்து நடந்து வந்தார். முன்பே போய்க் காத்திருந்தார். அந்த நீலக் கோட்டு. தலைமுடியை அவிழ்த்துவிட்டிருந்தார்.

ஃபெஸ்டி ஊன்றுகோலைப் போட்டுவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தார். எங்கிருந்து வந்தது அந்தப் பலம்.

“கடவுள் பேரால கேக்குறேன். நீ டீலியாவா? ஃபெஸ்டி பொண்டாட்டியா?”

“ஆமா.”

இரண்டாம் முறை கேட்டார். ஆமா. மூன்றாம் முறை பதில் வர நேரமாயிற்று. நடிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன்.

“ஆமா, ஃபெஸ்டி. நான்தான்.”

“எவ்வளவு வயசாக்கிட்டாங்க உன்னை” என்று கன்னத்தைத் தடவினார். அந்தக் கை இதற்கு முன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. டீலியாவும் வெகுகாலமாகப் பார்த்ததில்லை போலும். கன்னத்தை எடுக்கவில்லை.

அடுப்படியில் டீலியா முட்டை அவித்தார். ஃபெஸ்டி அவர் கையாலேயே சாப்பிட்டார். இன்னொன்று கேட்டார். வாயோரம் மஞ்சள் கரு. இருவரும் சிரித்தார்கள். நான் எழுந்து போயிருக்க வேண்டும். அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் சாக்கில் இருந்துவிட்டேன்.

பிறகு ஃபெஸ்டி மற்றவளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ரகசியம் சொல்வதுபோல.

“ராத்திரி பூரா முழிச்சுக் கிடக்கும். பேசாது. பக்கத்துல படுக்கவே பிடிக்கல எனக்கு. ஒரு நாளும்.”

“அது உனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணல. நல்லா உழைக்கும். அதான் வெச்சிருந்தேன்.”

டீலியா மேசையிலிருந்த ரொட்டித் துகள்களை உள்ளங்கையில் கூட்டினார். பிறகு கேட்டார்.

“ஃபெஸ்டி, குழந்தையை எங்க வெச்சே?”

“எந்தக் குழந்தை?”

“மார்ச்சுல பொறந்தது. பெட்டியில எடுத்துட்டுப் போனியே.”

“அட, அது குழந்தை இல்ல, டீலியா. அதுக்கு முன்னாடியே உன்னை எடுத்துட்டாங்க. அது பெத்தது வெறும் மரக்கட்டை. மூச்சில்ல, சத்தமில்ல. மரக்கட்டையைக் கொண்டுபோய் மேட்டுல மத்தவங்க பிள்ளைங்களோட வைக்கறதா?”

“எங்க வெச்சே?”

“நம்ம டர்ஃப் கரையில. மண்ணு மெத்துன்னு இருந்துது. மண்வெட்டியை வெச்சதும் இறங்கிடுச்சு.”

“எந்த எடத்துல?”

“அந்த எடமெல்லாம் எப்பவோ வெட்டியாச்சு.” அவர் தன்னைப் பாராட்டுவார்கள் என்று காத்திருப்பவர்போல் எங்களைப் பார்த்தார்.

அடுப்புக்குள் ஒரு கட்டி சரிந்தது. மாலையில் நான் போட்டது.

கொஞ்ச நேரத்தில் ஃபெஸ்டிக்குக் கண் செருகியது. படுக்கவைக்கத் தூக்கியபோது டீலியாவின் கையை விடவில்லை. இனிமேல் அது இந்த வீட்டுக்குள் வரக்கூடாது, துரத்திவிடு என்றார்.

டீலியா கையை விடுவித்துக்கொண்டார்.

“இருக்கட்டும், ஃபெஸ்டி. இத்தனை வருசம் அதுதானே இருந்துது.”

நவம்பர் 1

எழுந்தபோது வீடு சில்லென்றிருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. டர்ஃப் கூடையை எடுத்தேன். டீலியா அதை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். மின்சார ஹீட்டர் ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார்.

சாம்பலை அள்ளலாமா என்று கேட்டேன். இன்று வேண்டாம் என்றார்.

பழைய சட்டை, பழைய ஏப்ரன். தலைமுடியைக் கட்டியிருந்தார். ஃபெஸ்டிக்குக் கஞ்சி கொண்டுபோனார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அது திரும்ப வந்துடுச்சு.”

டீலியா கஞ்சியை முற்றத்துக்கு வரும் நாய்க்கு வைத்தார். பிறகு கைப்பேசியை எடுத்து, அவரே, மாவட்டச் செவிலிக்கு அழைத்தார். அழைத்துப் போகலாம் என்றார். அந்தப் பக்கம் ஏதோ ஆறுதல் சொன்னார்கள் போல. கேட்டு முடிக்காமல் வைத்துவிட்டார்.

நவம்பர் 2

ஃபெஸ்டியின் துணிகளை அடுக்கினேன். எல்லாவற்றிலும் புகை மணம். துவைத்தேன். போகவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் வண்டி வந்தது. ஃபெஸ்டி எதிர்க்கவில்லை. சக்கர நாற்காலியில் முற்றம்வரை போனவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“டீலியா எங்க? அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்.”

டீலியா வாசலிலிருந்து வந்தார். குனிந்து அவர் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டார். ஒன்று தவறாக விழுந்தது. அவிழ்த்துத் திரும்பச் சரியாகப் போட்டார்.

“அவளைத் திரும்பக் கொண்டுபோயிட்டாங்க, ஃபெஸ்டி. நீ பிடிச்ச பிடி பத்தல.”

வண்டி திரும்பும்வரை அவர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 5

எனக்கு வேறு வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். நாளை பேருந்து.

காலையிலிருந்து டீலியா கொட்டகையிலுள்ள டர்ஃபைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சதுப்புக்குக் கொண்டுபோகிறார். வெட்டிய கரையில் கட்டி கட்டியாகத் திரும்ப அடுக்குகிறார். சாம்பல் வாளியையும் கொண்டுபோனார். நானும் ஒரு வண்டி தள்ளினேன். அவர் அதையும் வாங்கி அடுக்கினார். ஒரு குளிர்காலத்துக்கான டர்ஃப். அவர் தனியாக முடிக்க வாரங்கள் ஆகும். மழை பிடித்துக்கொண்டது. நிறுத்தவில்லை.

சதுப்பின் ஓரத்தில் நின்று வீட்டுக்குப் பேசினேன். நாத்தனார் ஆதிரையை மடியில் வைத்துக்கொண்டு, “யாரு சொல்லு, இது யாரு?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆதிரை இம்முறை ஒளியவில்லை. வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

“இது அம்மா இல்ல,” என்றாள். “இது போன்ல இருக்குறது.”

எல்லாரும் சிரித்தார்கள். பரிதி சிரிக்கவில்லை.

அதற்குமேல் கேட்கவில்லை. இங்கே சிக்னல் சரியில்லை.